தனிநாட்டு வாக்கெடுப்பு: எந்த வழியில் கேட்பது?

"ஓட்டு வைத்துக் கேட்டுவிட்டால் தீர்ந்தது" என்ற பேச்சு கொங்கு நாட்டில் அண்மைக் காலத்தில் இரண்டு முறை பலமாகக் கேட்டது. 2013 மார்ச்சில், மாநிலம் முழுக்க மாணவர்கள் தெருவில் இருந்த நேரத்தில், தனி ஈழம் குறித்து ஈழத் தமிழரிடமும் புலம்பெயர்ந்து வாழ்வோரிடமும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2021 ஜூலையில், ஒன்றிய அமைச்சரவையில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் சொந்த ஊர்க் குறிப்பில் 'கொங்கு நாடு' என்று அச்சாகி வந்ததும், இங்கே தனி மாநிலமா என்ற வாக்குவாதம் வெடித்தது. பேக்கரி மேசையிலும் அரங்கக் கூட்டத்திலும் இரண்டுக்கும் ஒரே மருந்து சொல்லப்பட்டது: ஓட்டு.

முதலாவது, ஒரு நாட்டிலிருந்து பிரிந்து இன்னொரு நாடாவது பற்றியது. இரண்டாவது, ஒரே நாட்டுக்குள் மாநில எல்லையை மாற்றுவது பற்றியது. சட்டமும் வேறு, ஆபத்தும் வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டதால்தான் ஸ்காட்லாந்தைக் காட்டிக் கொங்குக்கு வாதாடியவர்களும், கொங்கு விவாதத்தைக் கண்டு நாடு துண்டாகிறது என்று பதறியவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவே இல்லை.

மாநில விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுருக்கமானது. அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி புதிய மாநிலத்தை உருவாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடு மசோதா வரும். சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆந்திரச் சட்டமன்றம் 2014 ஜனவரி 30 அன்று தெலங்கானா மசோதாவை நிராகரித்தது. மூன்றே வாரத்தில் மக்களவையும் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின. ஜூன் 2-இல் மாநிலம் பிறந்தது. மக்களிடம் ஓட்டு கேட்கும் படி இதில் எங்குமே இல்லை. 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தின் தாலுகாவாக இருந்த கொள்ளேகால், மாநிலச் சீரமைப்பில் மைசூரோடு சேர்ந்தபோதும் அங்கே யாரும் வாக்குப்பெட்டி வைக்கவில்லை.

தேவைப்பட்டால் தனிச் சட்டம் போட்டு மக்களைக் கேட்க முடியும் என்பதற்குக் கோவா முன்மாதிரி. மகாராட்டிரத்தோடு சேர்வதா, ஒன்றியப் பகுதியாகவே நீடிப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று அங்கே கருத்து வாக்கெடுப்பு நடந்தது. சேர்வதற்குப் பூ, சேராமல் இருப்பதற்கு இரட்டை இலை என்று சின்னங்கள். சேர வேண்டாம் என்ற தரப்பு 34,021 ஓட்டில் வென்றது. இணைப்பை ஆதரித்த கோவா அரசு, வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகியது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. அதிகாரம் கையில் இருக்கும் கட்சியே ஒரு தரப்பாகவும் இருந்தால் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இந்தியாவில் தனி நாடு கேட்டு வாக்கெடுப்பு என்பதற்கு இடமே இல்லை. 1963-இல் வந்த 16-ஆவது திருத்தம் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாட்டுக்கு எதிரான பேச்சைக் கட்டுப்படுத்த வழி செய்தது. வேட்பாளர் உறுதிமொழியிலும் அதைச் சேர்த்தது. திராவிட நாடு கோரிக்கையைத் தி.மு.க. கைவிட்டதும் அதே ஆண்டுதான். ஈரோட்டுக்காரரான பெரியார் 1930-களின் இறுதியிலிருந்து எழுப்பிவந்த கோரிக்கையின் ஒரு கிளை தேர்தல் அரசியலில் அங்கே முடிந்தது. எனவே கொங்கைப் பற்றிப் பேசுவோர் ஸ்காட்லாந்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. அவர்கள் பார்க்க வேண்டிய ஊர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இனி தனி நாடு. வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கிற ஒரு மக்கள் கூட்டத்துக்கு முன்னால் உலகில் இதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கடைசியில் ஒரு வாக்குச்சீட்டு இருக்கும், ஆனால் அந்தச் சீட்டின் மதிப்பு வழிக்கு வழி மாறுகிறது.

எதிர்த்தரப்போடு எழுதிக்கொண்டு ஓட்டுக்குப் போவது

ஸ்காட்லாந்து இதன் நல்ல மாதிரி. 2012 அக்டோபர் 15 அன்று எடின்பரோவில் பிரிட்டிஷ் அரசும் ஸ்காட்லாந்து அரசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தற்காலிகமாக மாற்றித் தரப்பட்டது. 2014 டிசம்பர் 31-க்குள் நடத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்த அதிகாரம் காலாவதி. முடிவு எதுவானாலும் இரு தரப்பும் மதிக்கும் என்று எழுதப்பட்டது. ஒப்பந்தத்திலிருந்து ஓட்டு நாள் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகள்தான் அதன் பலம். யார் ஓட்டுப் போடலாம் என்பதற்கு ஒரு சட்டம், எப்படி நடத்துவது என்பதற்கு இன்னொரு சட்டம், முதன்மைப் பிரசார அமைப்பு ஒவ்வொன்றுக்கும் 15 லட்சம் பவுண்டு செலவு வரம்பு என்று வரிசையாகத் தீர்த்துக்கொண்டு வந்தார்கள்.

கேள்வியைக்கூட அரசு தன் இஷ்டத்துக்கு வைக்க முடியவில்லை. "ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்பதுதான் முதலில் எழுதப்பட்டது. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்று கேட்டாலே மனம் 'ஆமாம்' பக்கம் சாயும் என்று தேர்தல் ஆணையம் சோதித்துச் சொன்னது. அந்தச் சொல் நீக்கப்பட்டு, "ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா?" என்று சீட்டில் அச்சானது. 2014 செப்டம்பர் 18 அன்று 84.6% பேர் வந்து ஓட்டளித்தார்கள். வேண்டாம் 55.3%, வேண்டும் 44.7%. தோற்ற தரப்பு மறுநாளே தோல்வியை ஏற்றது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வேண்டும் என்று வென்றிருந்தால் எந்த நாணயம் என்ற கேள்விக்குக் கடைசி வரை விடை இல்லை. பவுண்டைப் பகிர முடியாது என்று லண்டன் 2014 பிப்ரவரியில் அறிவித்தது, பகிர்வார்கள் என்று எடின்பரோ சொல்லிக்கொண்டே இருந்தது. அடுத்த வாக்கெடுப்பு எப்போது என்பதை எழுத்தில் வைக்காததும் பெரிய தவறு. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் முடிவெடுத்தபோது ஸ்காட்லாந்தில் 62% பேர் எதிராக ஓட்டளித்திருந்தார்கள். நிலைமை மாறிவிட்டது, மறுபடி கேட்க வேண்டும் என்று ஸ்காட்லாந்து அரசு வாதிட்டது. லண்டன் மறுத்தது. 2022 நவம்பர் 23 அன்று, லண்டனின் சம்மதமின்றி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்புச் சட்டம் இயற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக வட அயர்லாந்துக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 7 ஆண்டு இருக்க வேண்டும் என்று எண்ணைப் போட்டே எழுதிவைத்திருக்கிறது. ஒரு வரிதான், அது இல்லாததால் ஸ்காட்லாந்தில் இத்தனை ஆண்டு வழக்கு.

இதே வழியில், செர்பியாவோடு ஒரே நாடாக இருந்த மாண்டினீக்ரோவில் இன்னும் கறாராக நடந்தது. பாதி வாக்காளராவது வர வேண்டும், வந்தவர்களில் 55% 'வேண்டும்' என்று சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை வைத்தது. 2006 மே 21 அன்று 86% பேருக்கு மேல் வந்தார்கள். கிடைத்தது 55.5%. வரம்பைத் தாண்டியது இரண்டாயிரத்துச் சொச்சம் ஓட்டில்தான். வரம்பு முன்கூட்டியே எழுதியிருந்ததால் செர்பியா அந்த முடிவை ஏற்றது. ஜூன் முடிவதற்குள் மாண்டினீக்ரோ ஐ.நா. உறுப்பினர். அங்கே ஏற்கெனவே யூரோதான் புழக்கத்தில் இருந்தது என்பதால் நாணயச் சண்டையும் வரவில்லை.

சம்மதம் இல்லாமல் தானே நடத்துவது

2017 இலையுதிர் காலத்தில் ஒரு வார இடைவெளியில் இரண்டு இடங்களில் இது நடந்தது.

கட்டலோனியாவில் வாக்கெடுப்புச் சட்டத்தை ஸ்பெயின் அரசமைப்பு நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகும் அக்டோபர் 1 அன்று ஓட்டு நடந்தது. காவல்துறை பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து பெட்டிகளைப் பறித்தது. அடிபட்ட மக்களின் படங்கள் உலகெங்கும் ஓடின. கட்டலோனிய அரசு சொன்ன கணக்குப்படி 'வேண்டும்' 90%. ஆனால் வந்தவர்கள் 43% மட்டுமே. வேண்டாம் என்று நினைத்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், ஏனென்றால் போய் ஓட்டளித்தாலே அதைச் சட்டப்படியான வாக்கெடுப்பாக ஏற்றதாகிவிடும். சம்மதமில்லாத வாக்கெடுப்பின் அடிப்படைக் கோளாறு இதுதான். எதிர்த்தரப்பு வராது, அது வராததால் 90% என்ற எண்ணுக்கு வெளியே மதிப்பு இல்லை. அக்டோபர் 27-இல் விடுதலைப் பிரகடனம் செய்தார்கள். அன்றே மாட்ரிட்டில் உள்ள ஸ்பெயின் அரசு அரசமைப்பின் 155-ஆம் பிரிவைப் போட்டு கட்டலோனிய அரசைக் கலைத்தது. 2019-இல் ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறை. 2021-இல்தான் மன்னிப்பு கிடைத்தது.

ஈராக்கின் குர்திஸ்தானில் செப்டம்பர் 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 72% பேர் வந்து, 92%-க்கு மேல் 'வேண்டும்' என்றார்கள். எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் சில நாட்களில் பன்னாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. அக்டோபர் 16 அன்று ஈராக் படை கிர்குக் நகரையும் எண்ணெய் வயல்களையும் கைப்பற்றியது. சர்ச்சைக்குரிய அந்தப் பகுதியையும் வாக்கெடுப்புக்குள் இழுத்ததுதான் பாக்தாத்தை உடனே படை நகர்த்த வைத்தது. வாக்கெடுப்புக்கு முன்பு கையில் இருந்ததும் வாக்கெடுப்புக்குப் பின்பு போயிற்று.

இந்த வழியை விரும்புபவர்கள், "உலகம் பார்த்துவிட்டதல்லவா" என்று சொல்வார்கள். பார்த்தது உண்மை. அங்கீகாரம் தர ஒரு நாடும் முன்வரவில்லை என்பதும் உண்மை.

நீதிமன்றம் வழியாக விதியை வாங்கிவைப்பது

கனடாவின் கியூபெக் இதற்கு எடுத்துக்காட்டு. 1980-இல் ஒரு முறை, 1995-இல் ஒரு முறை என்று அந்த மாகாணமே வாக்கெடுப்பு நடத்தியது. 1995 அக்டோபர் 30 அன்று 93.5% பேர் வந்தார்கள். வேண்டாம் 50.58%, வேண்டும் 49.42%. இடைவெளி 54,288 ஓட்டு. செல்லாத ஓட்டு எத்தனை தெரியுமா? 86,501. வெற்றியின் அளவைவிடச் செல்லாதவை அதிகம். சில தொகுதிகளில் 'வேண்டாம்' சீட்டுகள் சாதாரணக் காரணங்களுக்காகவும் தள்ளப்பட்டன என்று வழக்கு வரை போனது. முடிவு மறுபக்கம் சாய்ந்திருந்தால் அந்தச் சீட்டுகளை வைத்து ஒரு நாடே நீதிமன்றத்தில் நின்றிருக்கும். பெருக்கல் குறியா, டிக்கா, கட்டத்துக்கு வெளியே கோடு போனால் செல்லுமா, பென்சில் செல்லுமா என்பதைப் படத்தோடு முன்பே அச்சிட்டுப் பூத்துக்குப் பூத் ஒட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வியும் மோசம். கனடாவோடு புதிய பொருளாதார, அரசியல் கூட்டுறவை முன்மொழிந்த பிறகு, குறிப்பிட்ட ஒரு மசோதா, குறிப்பிட்ட தேதியில் கையெழுத்தான ஓர் உடன்பாடு ஆகியவற்றின் வரம்புக்குள் இறையாண்மை பெறுவதை ஏற்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இதற்கு 'ஆமாம்' என்று சொன்ன ஒருவர் தனி நாட்டுக்குச் சொன்னாரா, பேச்சுவார்த்தைக்குச் சொன்னாரா?

இந்தக் குழப்பம்தான் விஷயத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1998-இல் வந்த கருத்துரை இரு தரப்புக்கும் கடிவாளம் போட்டது. கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய உரிமை இல்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'வேண்டும்' என்று சொன்னால், கனடா பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். பிரிவை விரும்பாத நாடும் பேச மறுக்க முடியாது என்ற கடமையை ஒரு நீதிமன்றம் விதித்தது பெரிய விஷயம். 2000-இல் வந்த தெளிவுச் சட்டம், கேள்வியும் பெரும்பான்மையும் தெளிவாக இருந்தனவா என்று தீர்மானிக்கும் உரிமையைக் கனடா நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. எத்தனை சதவீதம் தெளிவு என்று எண் சொல்லவில்லை. நடுவரே ஒரு தரப்பாக இருப்பதும், எண் இல்லாததும் இந்த வழியின் இரண்டு ஓட்டைகள்.

தவணை தவணையாகக் கேட்பது

பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ள நியூ கலிடோனியாவில் 1998 ஒப்பந்தம் மூன்று வாக்கெடுப்பு வரை அனுமதித்தது. வாக்காளர் பட்டியலையும் உறைய வைத்தது: பிரான்சிலிருந்து புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு ஓட்டு இல்லை. 2018-இல் வேண்டாம் 56.7%, 2020-இல் 53.3%. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. 2021 டிசம்பரில் மூன்றாவது. கொரோனாவில் உறவினரை இழந்து துக்கம் காக்கிறோம், தள்ளிவையுங்கள் என்று பூர்வகுடி கனாக் மக்கள் கேட்டார்கள். பாரிஸ் தள்ளவில்லை. அவர்கள் புறக்கணித்தார்கள். 44% பேர் மட்டும் வந்து 96.5% 'வேண்டாம்'. தாளில் பிரச்சினை முடிந்தது, ஊரில் முடியவில்லை. 2024-இல் மாகாணத் தேர்தல் பட்டியலைத் திறந்துவிட முயன்றபோது தீவு பற்றி எரிந்தது. இருபது ஆண்டு பொறுமையாகக் கட்டியதைக் கடைசித் தவணையில் காட்டிய அவசரம் கெடுத்துவிட்டது.

இதன் நல்ல வடிவத்தைத்தான் சுவிட்சர்லாந்தில் பார்க்கச் சொன்னேன். பெர்ன் மாநிலத்திலிருந்து ஜூரா பிரிந்தது படிப்படியான ஓட்டால். 1974 ஜூனில் ஜூரா பகுதி முழுவதையும் கேட்டார்கள், 'பிரியலாம்' என்றது. 1975-இல், வேண்டாம் என்று சொன்ன தென்மாவட்டங்களைத் தனியே கேட்டார்கள், அவை பெர்னோடு தங்கின. பிறகு எல்லையோர ஊராட்சிகளை ஊர் ஊராகக் கேட்டார்கள். 1978-இல் சுவிஸ் மக்கள் எல்லோரும் ஓட்டளித்து ஒப்புக்கொள்ள, 1979 ஜனவரி 1-இல் புதிய மாநிலம். அப்போது பெர்னிலேயே தங்கிய மூத்தியே என்ற சிறு நகரம் 2017-இல் மறுபடி ஓட்டளித்து 137 ஓட்டு வித்தியாசத்தில் ஜூரா என்றது. அந்த ஊரில் வசிக்காதவர்கள் முகவரி மாற்றிப் பட்டியலில் ஏறியது உள்ளிட்ட முறைகேடுகளுக்காக அது செல்லாது என்று ரத்தானது. 2021-இல் கடும் கண்காணிப்போடு மீண்டும் நடத்தி அதே முடிவை 55% அளவில் உறுதிசெய்தார்கள்.

கொங்கு பற்றிப் பேசும்போது எல்லை எது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் முட்டி நிற்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு என்பதில் சண்டை இல்லை. சேலம், கரூர், நாமக்கல்? பழனி, ஒட்டன்சத்திரம்? தருமபுரி? நீலகிரியின் படுகரும் பழங்குடிகளும் தங்களைக் கொங்கு என்று சொல்லிக்கொள்கிறார்களா? வரைபடத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் இருப்பவர்களை மொத்தமாகக் கேட்டால், ஓரத்தில் இருப்பவன் குரல் நடுவில் இருப்பவன் எண்ணிக்கையில் அமுங்கிவிடும். ஜூரா முறையில் ஓரத்துக்காரனுக்குத் தனி ஓட்டு. கியூபெக்கிலும் இதே சிக்கல் வந்தது. 1995-இல் மாகாண வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்னதாக கிரீ பழங்குடியினர் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, எங்களைக் கனடாவிலிருந்து பிரிக்காதீர்கள் என்று 96% பேர் சொன்னார்கள்.

ஓட்டே இல்லாமல் பிரிவது

செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1-இல் இரண்டானது. வாக்கெடுப்பு வேண்டும் என்று பலர் கேட்டும் நடத்தவில்லை. கூட்டாட்சி நாடாளுமன்றம் சட்டம் போட்டது, அவ்வளவுதான். சொத்துகளை மக்கள்தொகைப்படி 2-க்கு 1 என்று பிரித்தார்கள். பொது நாணயத்தோடு தொடங்கி, ஆறு வாரத்தில், பிப்ரவரி 8 அன்று, பழைய நோட்டுகளின் மேல் முத்திரைவில்லை ஒட்டி இரு நாணயமாக்கினார்கள். பிரிவினைக் கணக்கு சுத்தம். மக்களைக் கேட்கவில்லை என்ற குறை மட்டும் நிலைத்துவிட்டது. நம் பக்கத்திலேயே இதற்கும் வாக்கெடுப்புக்கும் நடுவில் ஒன்று நடந்திருக்கிறது: 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டளித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு சேர. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. மக்கள் நேரடியாக ஓட்டளிக்கவில்லை என்றாலும் முடிவு நின்றது, காரணம் பிரான்சு முன்பே அதற்கு ஒப்பியிருந்தது.

எந்த வழியானாலும், வரம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரங்கக் கூட்டங்களில் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பட்டியலில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 640 பேர் வருகிறார்கள். 330 வேண்டும், 310 வேண்டாம். பதிவான ஓட்டில் பாதிக்கு மேல் என்ற விதியில் 'வேண்டும்' வென்றது, 51.6%. மாண்டினீக்ரோ விதியில் தோற்றது. பட்டியலில் 40% வேண்டும் என்ற விதியிலும் தோற்றது, 33% தான் வந்தது. ஏறத்தாழ இதே எண்கள் ஸ்காட்லாந்தில் 1979-இல் நிஜமாகவே வந்தன. அது தனி நாட்டுக்கல்ல, சொந்தச் சட்டமன்றத்துக்கான வாக்கெடுப்பு. 51.6% கிடைத்தும் பட்டியலில் 32.9% மட்டுமே என்பதால் சட்டமன்றம் வரவில்லை. 40% விதியில் பட்டியலில் இருக்கும் செத்தவரும், ஊர் மாறிப் போனவரும் 'வேண்டாம்' என்று ஓட்டளித்ததாகவே ஆகிறது. ஆகவே வரம்பு வேண்டுமென்றால் அதைப் பட்டியல்மேல் வைக்காதீர்கள், வந்தவர்கள்மேல் வையுங்கள். 55% என்பது என் பார்வையில் நியாயமான எண். ஒரு தலைமுறைக்கு மாற்ற முடியாத முடிவை ஒரு மழை நாளின் வருகைக் குறைவு தீர்மானிக்கக் கூடாது, அதே நேரம் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு வாசலை அடைத்துவிடவும் கூடாது.

மறுநாள் என்ன என்பது இன்னும் முக்கியம். கொங்குத் தோட்டத்தில் பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது, பிரிவதா வேண்டாமா என்பதை அரை நாளில் பேசி முடித்துவிடுவார்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் முறை எந்தெந்த நாள், மேல்காட்டுக்காரனுக்கு வண்டித்தடம் எவ்வளவு அகலம், சொசைட்டிக் கடன் யார் தலையில் என்பதற்குத்தான் மாதக்கணக்கு. இவை பத்திரத்தில் ஏறாமல் பிரிந்த குடும்பங்கள் மூன்றாவது தலைமுறையிலும் கோபி கோர்ட்டுக்கும் தாராபுரம் கோர்ட்டுக்கும் நடந்துகொண்டிருக்கின்றன. நாடு பிரிவதும் இதேதான். கோவை குடிக்கிற சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1956-இல் ஒரு மாநில எல்லை விழுந்ததன் விளைவாக, ஆழியாறு, பரம்பிக்குளம் நீரைப் பங்கிட 1970 மே 29-இல் கேரளத்தோடு கையெழுத்துப் போட வேண்டிவந்தது. அதன்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விட்டாக வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு. ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களுக்குள்ளேயே இவ்வளவு. தெலங்கானா பிரிவில் கடனையும் பல சொத்துகளையும் மக்கள்தொகைப்படி 58.32-க்கு 41.68 என்று சட்டத்திலேயே எழுதினார்கள், ஐதராபாத்தைப் பத்தாண்டு பொதுத் தலைநகராக்கினார்கள். அந்தப் பத்தாண்டு 2024 ஜூன் 2-இல் முடிந்தபோதும் பொது நிறுவனங்களின் சொத்துப் பிரிவினை முடியவில்லை.

தெற்கு சூடான் இதில் கசப்பான பாடம். 2005 சமாதான உடன்படிக்கைப்படி 2011 ஜனவரியில் முறையாக வாக்கெடுப்பு நடந்து 98.8% பேர் பிரிவுக்கு ஓட்டளித்தார்கள். ஜூலை 9-இல் நாடு பிறந்தது. ஆனால் எல்லையிலுள்ள அபியே பகுதி யாருக்கு என்பதும், எண்ணெய்க் குழாய்க் கட்டணம் எவ்வளவு என்பதும் தீராமலே கொடி ஏறியது. எண்ணெய் தெற்கில், துறைமுகத்துக்குப் போகும் குழாய் வடக்கில். அடுத்த ஆண்டே கட்டணச் சண்டையில் தெற்கு தன் எண்ணெய் எடுப்பை நிறுத்த வேண்டிவந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 2013 தீர்மானத்துக்குத் திரும்பலாம். ஈழத்துக்கு எந்த வழி?

1976-இல் தனித் தமிழீழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 தேர்தலில் அதை முன்வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி வென்ற 18 இடங்கள், இவையே மக்கள் தீர்ப்பு என்பது ஒரு வாதம். வலுவான வாதம்தான், ஆனால் தேர்தலில் பல காரணங்களுக்காக ஓட்டு விழும், ஒற்றைக் கேள்விக்கு விழுந்த ஓட்டுக்கு இருக்கும் தெளிவு அதற்கு இல்லை. 1983 ஆகஸ்டில் இலங்கை அரசமைப்பில் வந்த ஆறாவது திருத்தம் தனி நாடு கோருவதையே குற்றமாக்கிவிட்டதால், அதன் பிறகு அந்த மண்ணில் யாரும் அந்தக் கேள்வியைச் சட்டப்படி கேட்கவே முடியாது. 2009 மே மாதம் நார்வேயில் தொடங்கி கனடா, பிரிட்டன் என்று புலம்பெயர்ந்தோர் தாமே நடத்திய வாக்கெடுப்புகளில் ஏறத்தாழ 99% 'வேண்டும்' என்று வந்தது. அந்த மக்களின் வேதனையை அது காட்டியது, மதிக்கத்தக்கது. கட்டலோனியாவுக்கு நேர்ந்த கதிதான் அதற்கும்: எதிர்த்தரப்பு இல்லாத ஓட்டு, கட்டுப்படுத்தும் சக்தி இல்லாத முடிவு.

மிஞ்சுவது ஐ.நா. நடத்தும் வாக்கெடுப்பு. தீர்மானமும் அதைத்தான் கேட்டது. அதற்கு நேரடி முன்னோடி, இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் தீமோர். 1999 ஆகஸ்ட் 30 அன்று 98% பேருக்கு மேல் வந்து, 78.5% பேர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற திட்டத்தை நிராகரித்தார்கள். ஐ.நா. பட்டியலை எழுதியது, சீட்டை அச்சிட்டது, எண்ணியது. பாதுகாப்பை மட்டும் ஒப்பந்தப்படி இந்தோனேசியக் காவல்துறையிடமே விட்டது. செப்டம்பர் 4-இல் முடிவு வந்த கையோடு ஆயுதக் கும்பல்கள் அந்தப் பகுதியைக் கொளுத்தின. பன்னாட்டுப் படை வந்து இறங்கியது செப்டம்பர் 20-இல். அந்தப் பதினாறு நாட்களில் ஊர்கள் சாம்பலாயின, மக்கள் கொல்லப்பட்டார்கள். ஈழத்துக்கு ஐ.நா. வாக்கெடுப்பு கேட்கிற யாரும், ஓட்டுப்பெட்டிக்கும் ஓட்டுப் போட்டவர் வீட்டுக்கும் காவல் யார் என்பதைக் கோரிக்கையின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். எண்ணி முடித்த பிறகான காவலுக்கும் சேர்த்துத்தான்.

பட்டியலும் அதே அளவுக்குக் கடினம். முன்பு ஸ்பெயின் ஆண்ட, பிறகு மொராக்கோ உரிமை கொண்டாடும் மேற்கு சகாராவுக்கு 1991-இல் வாக்கெடுப்பு நடத்தவென்றே ஐ.நா. குழு போனது. 1974-ஆம் ஆண்டு ஸ்பெயின் கணக்கெடுப்பில் இருந்தவர்களா, மொராக்கோ சேர்க்கச் சொல்பவர்களுமா என்ற பட்டியல் தகராறிலேயே அது நின்றுபோனது. இன்றுவரை ஓட்டு நடக்கவில்லை. ஈழத்தில் எந்த ஆண்டுக் கணக்கை அடிப்படையாக்குவது? கிழக்கின் முஸ்லிம்கள் தனியாகக் கேட்கப்படுவார்களா, ஜூராவின் தென்மாவட்டங்களைப் போல? மலையகத் தமிழர் எந்தப் பட்டியலில்? 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை பறித்து ஓய்ந்தவர்களுக்கு இதில் குரல் உண்டா, இல்லையா?

'புலம்பெயர்ந்தோருக்கும் ஓட்டு' என்று சட்டமன்றம் சொன்னபோது லண்டனும் டொராண்டோவும்தான் பலர் கண்ணில் பட்டன. பவானிசாகரிலும் அரச்சலூரிலும் முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து, திருமணமாகி, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். பலருடைய காணிப் பத்திரமும் பிறப்புச் சான்றும் படகில் வரும்போதே போய்விட்டன. அந்த ஆளை எந்த ஊர் வாக்காளராக, எந்த ஆவணத்தை வைத்துப் பதிவது, அவர் பிள்ளையைச் சேர்ப்பதா என்பதற்கு விடை எழுதாத வாக்கெடுப்புக் கோரிக்கை பாதிதான் எழுதப்பட்டது. ஊர்ப் பெயர், பெற்றோர் பெயர், பக்கத்து வீட்டார் இருவரின் சாட்சி, முகாம் பதிவேட்டில் உள்ள வந்த தேதி என்று நான்கையும் இன்றே ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கலாம். சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் அந்த முகாம்களில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.